பனி விலகிய உச்சி, பனிமலைக் காட்சி: ஜூன் மாத மலையேற்றம் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோவையிலிருந்து என் பெற்றோர் எங்களோடு தங்க வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 63 வயது. வெள்ளியங்கிரி ஏழு மலையையும் பலமுறை ஏறி இறங்கியவர். ஜூன் இரண்டாம் வாரத்தில் அவரை இங்குள்ள ஒரு மலையின் உச்சி வரை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். உச்சியில் நின்றால் பனி மூடிய பெரிய மலைகள் தெரிய வேண்டும். ஆனால் நடக்கும் பாதையில் பனி இருக்கக் கூடாது, ஏனென்றால் பனியில் நடந்து எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. தேடிப் பார்த்தால் கிடைக்கிற படங்கள் எல்லாம் ஆகஸ்ட் மாதத்தில் எடுத்தவையாக இருக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. எந்த மலைக்குப் போகலாம்?
– ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: நாள்காட்டியின்படி ஜூன் இரண்டாம் வாரம் கோடைதான். ஆனால் கேஸ்கேட் மலைத்தொடரின் மேல்பகுதியில் அப்போது பனி கரைந்து முடிந்திருக்காது. மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் முதலில் போய் இறங்கும் பாரடைஸ் என்ற இடம் சுமார் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓராண்டில் சராசரியாக 640 அங்குலம், அதாவது 50 அடிக்கும் மேல், பனி பொழிகிறது. பொழிந்தது அவ்வளவும் அப்படியே நிற்பதில்லை, இறுகிப் படிந்துவிடுகிறது என்றாலும், அங்குள்ள நடைபாதைகள் பெரும்பாலான ஆண்டுகளில் ஜூலை நடுவில்தான் முழுமையாக வெளியே தெரிகின்றன. அதே பூங்காவின் சன்ரைஸ் பகுதிக்குச் செல்லும் சாலையைத் திறப்பதே ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோதான். ஆகவே, நீங்கள் பார்த்த ஆகஸ்ட் மாதத்துப் படங்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். அந்த இடங்கள் உங்கள் தந்தையாருக்கு இன்னும் ஆறு வாரம் கழித்துத்தான் பொருந்தும்.

இதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. பனிமலையைப் பார்ப்பதற்குப் பனிமலைமேல் ஏற வேண்டியதில்லை. அதற்கு எதிரே சற்றுத் தள்ளி நிற்கும் நடுத்தர உயரமுள்ள மலையே நல்ல இடம். ரெய்னியர் சுமார் 14,400 அடி உயரம் உடையது. அதைச் சுற்றியுள்ள முகடுகளோ பெரும்பாலும் ஆறாயிரம், ஏழாயிரம் அடியோடு நின்றுவிடுகின்றன. எனவே 30, 40 மைல் தள்ளி 5,000 அடியில் நின்றாலும் அதன் தோள்களும் பனியாறுகளும் தலையும் ஒன்றையொன்று மறைக்காமல் முழுதாகத் தெரியும். பாரடைஸில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது இந்த முழுமை கிடைப்பதில்லை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது 4,000 முதல் 6,000 அடி வரை உயரமுள்ள, ஜூனிலேயே பனி விலகிவிடுகிற உச்சிகளை. இங்கேதான் பலரும் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். உயரத்தைவிட முக்கியமானவை இரண்டு உண்டு: பாதை எந்தத் திசை பார்த்த சரிவில் ஏறுகிறது என்பது ஒன்று, மலை, தொடரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது மற்றொன்று.

திசையின் வலிமையை அறிய இரண்டு மலைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். எவரெட் நகருக்குக் கிழக்கே உள்ள மவுண்ட் பில்சக் 5,324 அடி. ஐ-90 நெடுஞ்சாலையை ஒட்டிய பண்டேரா மலையில் பாதை சென்று முடியும் இடம் சுமார் 5,150 அடி. உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பில்சக்கின் பாதை வடக்குப் பார்த்த பக்கத்தில் ஏறுகிறது. அங்கே பனி நெடுநாள் நிற்கும் என்பதால்தான் ஒரு காலத்தில் அந்தச் சரிவில் பனிச்சறுக்குத் தளமே நடத்தினார்கள். அந்தப் பாதையில் ஜூலை வரை பனி கிடப்பது வழக்கம். பண்டேராவின் மேல்சரிவோ தெற்குப் பார்த்தது, மரமும் குறைவு. காலை முதல் மாலை வரை வெயில் நேராக விழுவதால் அங்கே பனி பல வாரம் முன்னதாகவே ஓடிவிடும். ஜூன் மாதத்தில் அந்தச் சரிவெங்கும் வெள்ளைப் பூங்கொத்தை உச்சியில் ஏந்திய பேர்கிராஸ் செடிகள் நிற்க, அவற்றுக்குப் பின்னால் ரெய்னியர் தெரியும். அதே பண்டேராவின் முகட்டைத் தாண்டி வடபுறம் எட்டிப் பார்த்தால், பள்ளத்தில் இருக்கும் மேசன் ஏரியின் கரையில் அப்போதும் பனி கிடக்கக் காணலாம்.

இரண்டாவது செய்தியைக் கோவைக்காரரான உங்கள் தந்தையாருக்கு விளக்கவே தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கம் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை கோவைக்கு வரும்போது சாரலாகக் குறைந்துவிடுவதை அவர் ஆண்டுதோறும் பார்த்தவர். இங்கேயும் ஈரக்காற்று மேற்கிலிருந்து, பசிபிக் கடலிலிருந்துதான் வருகிறது. ஸ்னோகுவால்மி கணவாயில் மழையும் பனியுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 100 அங்குல நீர் இறங்குகிறது. அதைத் தாண்டிக் கிழக்கே ஒரு மணி நேரம் காரில் சென்றால் வரும் எல்லன்ஸ்பர்க் நகருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 9 அங்குலம். ஒலிம்பிக் மலைகளிலும் இதே கதைதான்: மேற்குச் சரிவிலுள்ள ஹோ மழைக்காட்டில் 140 அங்குலம், வடகிழக்கு மூலையிலுள்ள ஸ்குவிம் ஊரில் 16 அங்குலம். பனி குறைவாக விழுந்த பக்கத்தில் அது சீக்கிரம் கரைகிறது. மேகமும் அந்தப் பக்கத்தில் குறைவு. ஜூன் தொடக்கத்து மலையேற்றத்துக்கு மழை மறைவுப் பகுதியைப் போல ஏற்ற இடம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே உங்களுக்கு என் முதல் பரிந்துரை அயன் பேர் என்ற மலை. ரெட்மண்டிலிருந்து ஐ-90 வழியாகக் கிளீ எலம் சென்று, அங்கிருந்து 97ஆம் நெடுஞ்சாலையில் ப்ளூயிட் கணவாயை நோக்கிச் செல்ல வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம், கடைசிச் சில மைல் மண்சாலை. போய் வர சுமார் 6.5 மைல், மொத்த ஏற்றம் சுமார் 1,900 அடி, உச்சி ஏறத்தாழ 5,490 அடி. வெள்ளியங்கிரி ஏறிய கால்களுக்கு இது கடினமான ஏற்றம் அன்று. ஓடையோரமாகத் தொடங்கும் பாதை, கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கணவாய் வரை ஏறி, பிறகு வெட்டவெளியான முகட்டின்மேல் செல்கிறது. மே இறுதியிலிருந்து ஜூன் வரை அந்த வழியெங்கும் பூக்கள்: சிறு சூரியகாந்தி போன்ற மஞ்சள் நிறப் பால்சம்ரூட், நீல லூப்பின், சிவந்த பெயின்ட்பிரஷ். உச்சிக்குச் சென்றதும் வடக்கே ஸ்டூவர்ட் மலைத்தொடர் முழுவதும் கண்ணெதிரே வந்து நிற்கும். அதன் தலையான மவுண்ட் ஸ்டூவர்ட் 9,415 அடி உயரமுள்ள கருங்கல் மலை. வெடிப்பும் கூருமான அதன் தென்முகத்தில் ஜூன் மாதத்தில் பனி கோடு கோடாக இறங்கியிருக்கும். தென்மேற்கில் ரெய்னியரும், வானம் தெளிவாக இருந்தால் தெற்கே மவுண்ட் ஆடம்ஸும் தெரியும். கேட்டது அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. கவனிக்க வேண்டியவையும் உண்டு. நிழல் குறைவு, ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். இளவேனிலில் அந்தப் பக்கத்துப் புல்லில் உண்ணி இருக்கும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, பின்கழுத்து ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்துவிட வேண்டும்.

ஏற்றம் இன்னும் கூடுதலாக வேண்டும் என்று தந்தையார் விரும்பினால், ஒலிம்பிக் மலைகளின் மழை மறைவுப் பகுதியிலுள்ள மவுண்ட் டவுன்சென்ட் இருக்கிறது. கப்பலில் கடலைக் கடந்து, ஹூட் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, குவில்சீன் ஊர் வழியாகச் செல்ல வேண்டும். போய் வர சுமார் 8 மைல், ஏற்றம் 3,000 அடி, உச்சி 6,200 அடிக்கும் மேல். அந்த நீண்ட மொட்டை முகட்டிலிருந்து ஒருபுறம் ஒலிம்பிக் சிகரங்களும், மறுபுறம் கடலிடுக்கைத் தாண்டி பேக்கர், கிளேசியர் பீக், ரெய்னியர் ஆகிய எரிமலைகளும் தெரிகின்றன. ஆனால் பனி மிகுந்த ஆண்டுகளில் ஜூன் இரண்டாம் வாரத்தில் உச்சிக்குச் சற்றுக் கீழே பனித்திட்டுகள் எஞ்சியிருக்கலாம். அப்படியானால் அதன் அண்டையிலுள்ள, சுமார் 4,270 அடி உயரமுள்ள மவுண்ட் சயனுக்குப் போகலாம். அங்கே காட்சி அவ்வளவு விரிந்ததன்று. ஆனால் அந்த வாரங்களில் பாதையின் இருபுறமும் இளஞ்சிவப்பு ரோடோடென்ட்ரான் பூத்துக் குலுங்கும். நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் மரத்தின் உறவு இது. 1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியை முன்னிட்டு, 1892இல் வாஷிங்டன் மாநிலப் பெண்கள் வாக்களித்துத் தங்கள் மாநில மலராக இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அருகிலேயே வேண்டும் என்றால் நார்த் பெண்ட் ஊரை ஒட்டிய மவுண்ட் சை. போய் வர 8 மைல், ஏற்றம் 3,150 அடி. பாதை சுமார் 3,900 அடியில் முடிவதால் ஜூனில் அங்கே பனித் தொல்லை இருப்பதில்லை. வழி முழுவதும் அடர்ந்த மரங்களின் ஊடே செல்வதால் உச்சியை அடையும் வரை காட்சி குறைவு. பாதை முடிந்த இடத்துக்கு மேலே ஹேஸ்டாக் என்னும் பாறை செங்குத்தாக நிற்கிறது. அதன்மேல் ஏறுகிறவர்களைப் பார்த்து ஏறத் தோன்றும், ஏற வேண்டாம். அங்கிருந்து விழுந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அதன் அடியிலுள்ள பாறைத் திட்டில் அமர்ந்தாலே ரெய்னியரும் ஸ்னோகுவால்மி பள்ளத்தாக்கும் நன்றாகத் தெரியும்.

அம்மாவுக்காக வேறொரு நாளை ஒதுக்குங்கள். ஆர்காஸ் தீவிலுள்ள மவுண்ட் கான்ஸ்டிட்யூஷன் சுமார் 2,400 அடிதான். ஆனால் சான் ஹுவான் தீவுக்கூட்டத்திலேயே அதுதான் மிக உயரமான இடம். உச்சி வரை தார்ச்சாலை உண்டு. அங்கே 1936இல் கட்டி முடிக்கப்பட்ட கல்கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன்மேல் நின்றால் கீழே தீவுகளும், கிழக்கே கடலுக்கு அப்பால் வெள்ளைவெளேரென்று மவுண்ட் பேக்கரும் தெரியும். நீங்களும் அப்பாவும் மவுண்டன் ஏரியிலிருந்து நடந்து ஏறலாம்; அம்மா காரில் மேலே வந்து உங்களைச் சந்திக்கலாம். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே உச்சியில் அமர்ந்து சோறு உண்ண இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அனகோர்ட்டஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலில் காருக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.


கேள்வி: மேற்படி மலைகளில் குறிப்பிட்ட ஒரு வாரத்தில் பனி இருக்கிறதா இல்லையா என்பதை வீட்டில் இருந்தபடியே எப்படி அறிவது? கைபேசிச் செயலியில் "சிறந்த காலம்: ஜூன் முதல் அக்டோபர் வரை" என்றுதான் போட்டிருக்கிறது.
– பெல்வியூவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: செயலி சொல்வது பல ஆண்டுகளின் பொதுக்கணக்கு, உங்களுக்கு வேண்டியது இந்த வாரத்தின் நிலை. பனி விலகும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மூன்று, நான்கு வாரம்கூட முன்பின் ஆகும். ஆகவே சென்ற ஆண்டு இதே தேதியில் ஒருவர் போய் வந்தார் என்பதை நம்பிப் புறப்படக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது, அண்மையில் அந்தப் பாதையில் நடந்தவர்கள் எழுதியிருக்கும் பயணக் குறிப்புகள். வாஷிங்டன் டிரெய்ல்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு 1966 முதல் இயங்கி வருகிறது. அதன் தளத்தில் ஒவ்வொரு பாதைக்கும் நடந்தவர்களே நாள் குறிப்பிட்டு நிலவரம் எழுதுகிறார்கள். அவற்றைப் படிப்பதிலும் ஒரு முறை வேண்டும். "அருமையான நாள், கொஞ்சம் பனி" என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் பத்து ஆண்டு மலையேறியவருக்குக் கொஞ்சமாகத் தெரிவது உங்களுக்கு மிகுதியாக இருக்கலாம். "4,200 அடியிலிருந்து பனி தொடர்ச்சியாக இருக்கிறது", "உச்சிக்குக் கால் மைல் முன்னால் மூன்று திட்டுகள், சுற்றிப் போக முடிகிறது" என்பன போன்ற குறிப்புகளே பயனுள்ளவை. படங்களில் மலையைப் பார்ப்பதைவிட, நடக்கிறவர்களின் கால்களைப் பாருங்கள்: என்ன காலணி, கீழே மண்ணா சேறா பனியா, கையில் பனிக்கோடரி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். உங்கள் மலைக்குப் புதிய குறிப்பு இல்லை என்றால், அதே உயரமும் அதே திசையும் கொண்ட பக்கத்து மலைக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

அடுத்தது ஸ்னோடெல் எனப்படும் தானியங்கி அளவை நிலையங்கள். அமெரிக்க வேளாண் துறையின் கீழுள்ள இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை இவற்றை மேற்கு மாநில மலைகள் எங்கும் நிறுவியிருக்கிறது. தரையில் விரித்த மெத்தை போன்ற ஒரு கருவி தன்மேல் படிந்த பனியின் எடையை அளந்து, அதில் எவ்வளவு நீர் அடங்கியிருக்கிறது என்று நாள்தோறும் சொல்கிறது. இந்த ஆண்டின் அளவை வழக்கமான அளவோடு ஒப்பிட்டு வரைபடமாகவும் காணலாம். அயன் பேர் மலைக்கு அருகே ப்ளூயிட் கணவாயில் சுமார் 4,200 அடியில் ஒரு நிலையம் உண்டு. அங்கே அளவு சுழியத்துக்கு வந்து இரண்டு, மூன்று வாரம் ஆகியிருந்தால், அதைவிட ஆயிரம் அடி மேலேயுள்ள தெற்குப் பார்த்த சரிவுகளும் பெரும்பாலும் விலகியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நேற்றுத்தான் சுழியம் ஆனது என்றால் காத்திருப்பது நல்லது.

இவை இரண்டையும் பார்த்த பின்னும் ஐயம் இருந்தால் அந்தப் பகுதியின் வன அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். தயங்க வேண்டாம், அவர்கள் அதற்காகவே இருக்கிறார்கள். பாதை மட்டுமன்றி, பாதை தொடங்கும் இடத்துக்குச் செல்லும் மண்சாலை திறந்திருக்கிறதா, மழையில் அறுத்துக்கொண்டு போயிருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே வாகன நிறுத்தத்துக்குரிய அனுமதிச் சீட்டும் இடத்துக்கு இடம் மாறும். மவுண்ட் சை, மவுண்ட் கான்ஸ்டிட்யூஷன் போன்ற மாநில நிலங்களுக்கு டிஸ்கவர் பாஸ் வேண்டும். பண்டேரா, டவுன்சென்ட் போன்ற தேசிய வனப் பகுதிகளில் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும்.

ஒரே ஒரு மலையை மனத்தில் வைத்துக்கொண்டு அதற்காக விடுப்பு எடுத்து, நண்பர்களையும் கூட்டி வைத்துவிட்டால், பனி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் போகத்தான் தோன்றும். மூன்று மலைகளைத் தேர்ந்து வையுங்கள். அவற்றில் ஒன்று 3,000 அடிக்குள் இருக்கட்டும். எந்த மலை என்பதை வெள்ளிக்கிழமை இரவு முடிவு செய்யுங்கள்.


கேள்வி: சென்ற ஆண்டு ஒரு மலையில் பாதையின் குறுக்கே பனி கிடந்தது. பலரும் அதைக் கடந்து போனார்கள்; நாங்கள் திரும்பிவிட்டோம். திரும்பியது சரியா? இந்த ஆண்டு மைக்ரோஸ்பைக்ஸ் (காலணிக்கு அடியில் வருமாறு மாட்டிக்கொள்ளும் சிறு உலோக முட்கள்) வாங்கினால் போதுமா?
– சியாட்டிலிலிருந்து ஒரு வாசகி

பதில்: திரும்பியது சரி. அடுத்த முறை இன்னும் தெளிவாக முடிவெடுக்கச் சிலவற்றை அறிந்து வைத்திருக்கலாம்.

பனித்திட்டின் அகலத்தைவிட அதன் சரிவே முக்கியம். சமதளக் காட்டுப் பாதையில் முப்பது அடி நீளத்துக்குப் பனி கிடந்தால் கால் நனையும், அவ்வளவுதான். செங்குத்தான சரிவின் குறுக்கே செல்லும் பாதையில் பத்தடி பனி கிடந்தாலும் அது அபாயம். அங்கே வழுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று கீழே பாருங்கள். புல்வெளியில் போய் முடிகிறது என்றால் ஒரு வகை. பாறையிலோ மரத்திலோ பள்ளத்திலோ போய் முடிகிறது என்றால், பனிக்கோடரியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாதவர் கால் வைக்கக் கூடாத இடம் அது. காலையில் அந்தப் பனி இறுகிக் கண்ணாடி போல் இருக்கும். பிற்பகலில் இளகி, முழங்கால் வரை காலை உள்ளே இழுக்கும். மைக்ரோஸ்பைக்ஸ் என்பது சரிவு குறைந்த, இறுகிய பனிப்பாதைக்கு உதவும் கருவி. இளகிய பனியிலும் செங்குத்தான சரிவிலும் அது தாங்காது. அதைக் காலில் மாட்டியதால் வரும் துணிச்சலே சிலரை விபத்தில் கொண்டு விடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் இன்னொன்று. ஓடையின்மேல் கிடக்கும் பனி அடியிலிருந்து கரைவதால், மேலே முழுதாகத் தோன்றினாலும் உள்ளே குடைந்திருக்கும். கீழே தண்ணீர் ஓடும் ஓசை கேட்டால் அந்தப் பனியின்மேல் நடக்கக் கூடாது. பெரிய பாறைகளையும் மரத்தூர்களையும் ஒட்டிய பனியும் இப்படித்தான். வெயிலில் சூடேறிய பாறை தன்னைச் சுற்றியுள்ள பனியைக் கரைத்து ஆழமான இடைவெளியை உண்டாக்கிவிடும். அவற்றிலிருந்து இரண்டு, மூன்று அடியாவது விலகி நடக்க வேண்டும்.

பலரும் கடந்து போனார்கள் என்பது, அவர்கள் கடந்தார்கள் என்பதற்கு மட்டுமே சான்று. மேலும், பனி மூடிய இடத்தில் பாதை மறைந்துவிடுவதால் முன்னால் சென்றவரின் காலடித் தடத்தைப் பின்பற்றுகிறோம். அவர் வழி தவறியிருந்தால் நாமும் தவறுகிறோம். பில்சக் மலையில் பருவம் தொடங்கும் முன்பே சென்று, பனியில் பாதையைத் தொலைத்து, மீட்புக் குழுவை அழைக்க நேர்ந்தவர்கள் பலர். ஏறும்போது எளிதாகத் தெரிந்த பனிச்சரிவு இறங்கும்போது வேறு மாதிரி இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் குழுவில் யாருக்குப் பழக்கம் மிகக் குறைவோ அவரால் அதே இடத்தில் இறங்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு, முடியாது என்றால் அங்கேயே சாப்பாட்டைப் பிரித்து உண்டுவிட்டுத் திரும்புவதில் குறைவு எதுவும் இல்லை.


கேள்வி: நாங்கள் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்கு அருகே வசிக்கிறோம். எங்களுக்கும் ஒரு மலை சொல்லுங்கள்.
– ஹில்ஸ்பரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கொலம்பியா ஆற்றின் வடகரையிலுள்ள டாக் மவுண்டன். உச்சி 2,948 அடிதான், ஆனால் கிட்டத்தட்ட ஆற்று மட்டத்திலிருந்தே ஏறத் தொடங்குவதால் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 2,800 அடி; நெஞ்சு படபடக்க வைக்கும் பாதை. மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் மேல்சரிவு முழுவதும் மஞ்சள் பூவாக இருக்கும். கீழே மலையிடுக்கில் கொலம்பியா ஆறு வளைந்து செல்வதும், அக்கரை மலைகளுக்கு மேல் மவுண்ட் ஹூட்டின் வெண்தலை எழுவதும் அங்கிருந்து தெரியும். பூக்காலத்து வார இறுதிகளில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்; அதனால் வார நாளில் போவது எளிது. மேலே காற்று ஆளைத் தள்ளும், எனவே மேற்சட்டை எடுத்துச் செல்லுங்கள். பாதையோரத்தில் மும்மூன்று இலையாக, பளபளப்பாக இருக்கும் பாய்சன் ஓக் செடியைத் தொட்டால் தோல் கொப்புளித்துவிடும். குழந்தைகளுக்கு அதை முதலிலேயே காட்டி வையுங்கள்.


கேள்வி: பனி இல்லாத பாதையைக் கண்டுபிடித்துப் போனாலும், மேலே மேகம் மூடி எதுவும் தெரியாமல் போய்விடுகிறதே?
– சமாமிஷிலிருந்து ஒரு வாசகி

பதில்: மேற்குப் பக்கத்தில் ஜூன் மாதத்தின் இயல்பு அது. கடற்காற்று தாழ்ந்த மேகத்தைக் கொண்டுவந்து மலையடிவாரத்தில் அடைத்துவிடுகிறது. பல நாட்களில் அது நண்பகலுக்கு மேல் கலைந்துவிடும். ஜூன் நடுவில் சியாட்டிலில் சூரியன் இரவு 9 மணிக்குப் பிறகுதான் மறைகிறது. ஊரில் விடியலுக்கு முன் மலையேறிப் பழகிய நாம் இங்கே அப்படி அவசரப்பட வேண்டியதில்லை. மேகம் கலையும் என்று முன்னறிவிப்பு சொல்லும் நாளில் பகல் 11 மணிக்கு ஏறத் தொடங்கினாலும் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடலாம். வார இறுதியில் மட்டும் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. மேகம் நாள் முழுவதும் நிற்கும் என்று தெரிந்தால் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போய்விடுங்கள். இந்தப் பக்கம் தூறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கிளீ எலம் பகுதியில் வெயில் அடிப்பது வெகு இயல்பு. முன்னறிவிப்பைப் பார்க்கும்போது ஊரின் பெயரை இட்டுத் தேடாமல், தேசிய வானிலைச் சேவையின் வரைபடத்தில் மலையுச்சியின்மேல் கை வைத்து அந்த இடத்துக்குரிய அறிக்கையைப் படியுங்கள். 1,000 அடி ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 3 முதல் 4 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்துவிடும்.


கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரும் மலையேறக் கிளம்புகிறார். வெள்ளியங்கிரிக்கே வெறுங்காலில் போனவன் எனக்கு இதற்கெல்லாம் பூட்ஸ் எதற்கு என்கிறார். அவருக்கு என்னென்ன தேவை?
– பாத்தெலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மாமாவின் கால்வலிமையைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை, அங்கே அவர் கையில் ஊன்றிச் சென்ற மூங்கில் தடியின் அருமையும் அவருக்குத் தெரியும். இங்கே ஜூன் மாதப் பாதையில் பனி இல்லாவிட்டாலும், கரைந்த நீர் ஓடிச் சேறாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். அடிப்பாகத்தில் நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். புதிதாக வாங்கினால் அதை அணிந்து ஒரு வாரமாவது வீட்டைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். மூங்கில் தடியின் இடத்தில் இரண்டு ஊன்றுகோல்கள் இருந்தால் இறங்கும்போது முழங்காலுக்குச் சுமை குறையும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து உச்சிக் காற்றில் உடம்பை நடுங்க வைக்கும் என்பதால் அதைத் தவிர்த்து, கம்பளியிலோ செயற்கை நூலிலோ ஆன உடையும், மழை தாங்கும் மேற்சட்டையும் கொடுங்கள். கைபேசி வரைபடத்தைப் புறப்படுமுன்னே இறக்கி வையுங்கள், பல பாதைகளில் சிக்னல் கிடையாது. தலைவிளக்கும் கூடுதல் உணவும் பையில் இருக்கட்டும்.

அவர் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளை ஒரு வேளைக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வருகையாளருக்காக நீங்கள் எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மலையில் தேடி மீட்கும் பணியைத் தன்னார்வலர்கள் கட்டணம் வாங்காமல் செய்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு வரும் மருத்துவமனைச் செலவும், தனியார் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வந்தால் அதன் செலவும் நம்முடையவை. மலையேற்றத்தில் நேரும் காயத்தை உங்கள் காப்பீடு ஏற்கிறதா, முன்பே இருந்த நோயால் வரும் சிகிச்சைக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறது என்ற இரண்டையும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.